சத்தம் போட்டவனுக்குப் பச்சை

மே 14, 2025, புதன். காலை 7.10.

நேற்றைய தவறு: கிள்ளான் பட்டறை வீடியோவைப் பதினோரு தடவை பார்த்துப் பட்டியல் போட்டேன். வெட்டுப்பட்ட மூன்று பேரையும் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருகிறார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒயரிங் டேப் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. "டேப், மூன்று" என்று எழுதினேன். நிறம் எழுதவில்லை.

திருத்தம்: பரமேஸ்வரன், சிவப்பு. லோகன், மஞ்சள். தனேஷ், பச்சை.

திருத்தியதால் ஏதாவது விளங்கியதா? இல்லை.

அமுதவள்ளி பேனாவை மூடி வைத்தாள். செவ்வாயும் வியாழனும் அவள் போகும் புலனாய்வு மாலை வகுப்பில் ஒரு விதி உண்டு. நாட்குறிப்பு முந்தைய நாளின் தவறில் தொடங்க வேண்டும். மறுநாளின் வேலையில் முடிய வேண்டும். வகுப்பில் மற்றவர்களுக்குத் தவறு கிடைக்காமல் திண்டாட்டம். அவளுக்கு எதை எழுதுவது, எதை விடுவது என்று திண்டாட்டம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடை ஒன்றின் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழேயிருந்து மல்லிகை வாசம் வரும். கூடவே படியேறி ஜாபர் அலியும் வருவார். முன்பு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். இப்போது அவளுக்கு உதவியாளர், ஓட்டுநர், காலைச் சாப்பாட்டுப் பொறுப்பாளர். அவளைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் அவளை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்.

"பாஸ், ஒரு நாசி லெமாக், ஒரு ரொட்டி சானாய். எது வேணும்னு முடிவு பண்ணுங்க. தப்பா போனா நாளைக்கு டைரியில எழுதிக்கலாம்."

"ஜாபர் அண்ணே, டேப் நிறத்தைப் பாத்தீங்களா? சிவப்பு, மஞ்சள், பச்சை."

"ஒயரிங் கடையில கலர் டேப் இல்லாம கனகாம்பரமா இருக்கும்?"

"மூணு பேருக்கு மூணு நிறம் ஏன்?"

"கையில எந்த ரோல் கிடைச்சுதோ அது. இல்லாட்டி இன்ஸ்பெக்டர் அசாருதீன் சொல்ற மாதிரி ஏதோ கேங் அடையாளம். வெட்டிட்டு, கணக்கு வச்சிட்டுப் போற பசங்க இருக்காங்கலா."

அவள் பட்டியலை மறுபடி படித்தாள். சனிக்கிழமை மாலை ஆறு மணி. கிள்ளானில் ஒரு சின்ன ஒயரிங் பட்டறை. முதலாளி பரமேஸ்வரனுக்குக் கழுத்தோரம் பாராங் கத்தி வெட்டு. ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது. வேலையாள் லோகனுக்கு வயிற்றில் வெட்டு. இன்னும் மயக்க மருந்தில், தொண்டையில் குழாயுடன் கிடக்கிறான். தொழில் பங்காளி தனேஷுக்குத் தொடையில் ஆழமான வெட்டு, பிழைத்துக்கொண்டான். நான்காவது ஆள் பிரவின். பன்னிரண்டு வருடம் கடற்படையில் மருத்துவ உதவியாளனாக இருந்துவிட்டு, நான்கு மாதத்துக்கு முன் இந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். பின்மண்டை உடைந்து நினைவில்லாமல் கிடக்கிறான். அவன் கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருக்கிறார்கள்.

பேசக்கூடிய ஒரே வாய் தனேஷுடையது. அந்த வாய் சொன்னது இதுதான்: பிரவின் வெறி பிடித்தவன்போல் உள்ளே வந்தான். முதல் வெட்டு என் தொடையில். விழுந்தேன், எழ முடியவில்லை. அப்புறம் மற்ற இருவரையும் வெட்டினான். எங்கள் மூன்று பேர் கையிலும் டேப் சுற்றினான். தீயணைப்பு வாளியிலிருந்து மணலை அள்ளி ரத்தத்தை மறைத்தான். பக்கத்தில் வந்தபோது காலைப் பிடித்து இழுத்தேன். மல்லாக்க விழுந்து சுவிட்ச் பெட்டியில் மண்டையை இடித்துக்கொண்டான்.

பாராங்கில் பிரவினின் கைரேகை. சட்டையில் மூன்று பேர் ரத்தமும். வரும் வெள்ளிக்கிழமை அவன்மேல் கொலைக் குற்றச்சாட்டு.

"வெட்ட வர்றவன் நாலு பாக்கெட் தே வாங்கிட்டு வருவானா பாஸ்?" என்றார் ஜாபர், ரொட்டியைக் கிழித்தபடி. வாசற்படியில் நான்கு தேநீர்ப் பொட்டலங்கள் உடைந்து கிடந்தது உண்மை.

"அது முன்னாடியே வாங்கினதுன்னு தனேஷ் சொல்றான்."

"தனேஷ் சொல்றான், தனேஷ் சொல்றான். அவன் ரேடியோலா. நம்ம திருப்பிப் பேச முடியாது."

படியில் காலடி கேட்டது. பிரவினின் அக்கா சீதாலெட்சுமி; வழக்கை அமுதவள்ளியிடம் ஒப்படைத்தவள். செராஸிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். ஐந்து நாளாக உடுப்பு மாற்றாதவள்போல் இருந்தாள். உட்காரவில்லை. ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தாள். வெள்ளைச் சீருடையில் பிரவின். பக்கத்தில் தோளில் கைபோட்டபடி நரைத்த மீசைக்காரர் ஒருவர்.

"இவரு பேரு கன்னையா. கப்பல்ல தம்பிக்கு மேலாளு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கன்னையா அங்கிள்கிட்ட சொல்லுன்னு தம்பி எப்பவும் சொல்லுவான். நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. கிள்ளான்லதான் இருக்காராம்." அவள் படத்தில் தம்பியின் கையைத் தொட்டாள். "அமுதா, அவன் கை ரத்தத்தை நிறுத்தற கை. வெட்டற கை இல்ல. இதை யாருமே கேக்க மாட்றாங்க."

"நான் கேட்கிறேன் அக்கா," என்றாள் அமுதவள்ளி. புகைப்படத்தை எடுத்து நாட்குறிப்புக்குள் செருகினாள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார் கிள்ளான் பக்கம் திரும்பியதும் ஜாபர் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பாஸ், தனேஷை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தீங்களே, அப்ப கார்டு குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ஏன்?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து ரெண்டு மோட்டோர் நம்ம பின்னாலயே வருது. மூணு பேரு. நான் ஸ்லோ பண்ணா அவனும் ஸ்லோ. பஸ் ஓட்டுனப்பகூட எனக்கு இவ்வளவு ரசிகருங்க கிடையாது."

அவள் திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி இறக்கிய மூன்று ஹெல்மெட்டுகள். டோல் தாண்டியதும் அவை காணாமல் போயின. "போயிட்டாங்க," என்றாள். ஜாபர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அவர் கிண்டல் செய்யாவிட்டால் விஷயம் பெரியது.

கன்னையாவின் கடை கிள்ளானில் துணிக்கடைகளுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. தொழிற்சாலைகளுக்கு முதலுதவிப் பெட்டி நிரப்பிக் கொடுக்கும் வேலை. சுவர் முழுக்கத் தகரப் பெட்டிகள். கண்ணாடி அலமாரியில் கட்டுத்துணியும் மருந்தும். மூலையில் சிவப்பு வாளியில் மணல். கன்னையாவுக்கு அறுபதுக்குப் பக்கம். நெஞ்சுப்பையில் ஒரு கத்தரிக்கோல், பேனாபோலச் செருகியிருந்தது.

பிரவின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த பஞ்சுச் சுருளைக் கீழே வைத்தார்.

"பேப்பர்ல பாத்தேன். அது அவன் இல்லம்மா."

"அதை நிரூபிக்கணும் அங்கிள். என்கிட்ட ஒன்பது கேள்வி இருக்கு. வரிசையா கேக்கறேன்."

"ஒன்பதா?"

"நான் நாலாவதுக்குள்ள தூங்கிடுவேன்," என்றார் ஜாபர். "அதுக்குப் பயந்துக்காதீங்க அண்ணே."

முதல் கேள்வி, கப்பலில் பிரவினின் வேலை என்ன என்பது.

"எங்க கப்பல் சின்னது. டாக்டர் கிடையாது. டாக்டர் கரையில இருப்பாரு, ரேடியோவுல. கப்பல்ல நாங்க ரெண்டு பேருதான். அதிகாரி இல்ல, சாதா சிப்பந்திங்க. பல்லு புடுங்கறது நாங்க. குடிதண்ணி சோதிக்கறது நாங்க. சமையக்கட்டுல எலி இருக்கான்னு பாக்கறதும் நாங்க. குண்டு வெடிச்சாலும் நாங்க, கொப்புளம் வெடிச்சாலும் நாங்க."

"எப்பவும் இப்படித்தானா?" இது இரண்டாவது கேள்வி.

கன்னையா சிரித்தார். "ஆரம்பத்துல இன்னும் மோசம்மா. முந்நூறு வருஷத்துக்கு முன்னால வெள்ளைக்காரன் பாய்மரக் கப்பல்ல டாக்டருக்கு எடுபிடியா ஒருத்தன் இருப்பான். நோயாளிக்குக் கஞ்சி ஊத்தறது அவன் வேலை. அந்தக் கஞ்சியோட பேரையே அவனுக்கும் வச்சிட்டாங்க. சண்டை வந்துச்சுன்னா தரையில மணலை வாரி வீசுவான். ரத்தத்துல டாக்டர் வழுக்கி விழக் கூடாது பாரு. அறுத்த கையையும் காலையும் வாளியில அள்ளிக்கிட்டுப் போறதும் அவன்தான். நாங்கெல்லாம் அந்தக் கஞ்சிக்காரன் வம்சம். புதுசா வர்ற பசங்களுக்கு நான் முதல்ல சொல்ற கதை இதுதான். பிரவினுக்கும் சொல்லியிருக்கேன்."

அமுதவள்ளி வேகமாக எழுதினாள். மணல் என்ற சொல்லின் கீழே பேனா தானாகக் கோடு போட்டது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது கேள்விக்குப் போனாள். டேப் எட்டாவது கேள்வி. நான்காவதைப் படிக்க அவள் வாயெடுத்தபோது வாசல் கம்பிக்கதவு சுவரில் மோதியது.

மூன்று ஹெல்மெட்டுகள்.

முதலில் வந்தவன் கையில் பாராங். இரண்டாமவன் கையில் இரும்புக் குழாய். மூன்றாமவன் வாசலை அடைத்து நின்றான்.

"பொம்பளையோட போனும் நோட்டும். குடுத்துட்டா போயிடுவோம்," என்றான் பாராங்காரன்.

"தம்பி, ஒன்பது கேள்வியில ஆறு பாக்கி இருக்கு, வெளியில உக்காரு," என்றபடி ஜாபர் எழுந்தார். பேச்சு முடியுமுன் அவன் பாராங்கை வீசினான். ஜாபர் கையை உயர்த்தினார். முழங்கைக்குக் கீழே சட்டை கிழிந்து ரத்தம் சீறிச் சுவரில் தெறித்தது. அவர் போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

குழாய்க்காரன் மேசையை அடித்து நொறுக்கினான். அடுத்த அடி அமுதவள்ளியின் தலைக்கு. அவள் குனிந்தாள், குழாய் அவள் காதை உரசிக்கொண்டு மரப்பலகையில் இறங்கியது. கன்னையா ஒரு தகரப் பெட்டியை இரு கையாலும் தூக்கி அவன் தோளில் இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம், காய்ந்த கிளை ஒடிவதுபோலத் தெளிவாகக் கேட்டது. குழாய் உருண்டது. அவன் சுவரோடு சரிந்து, தொங்கிப்போன கையைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

பாராங்காரன் அமுதவள்ளி பக்கம் திரும்பினான். அவள் கைக்குக் கிடைத்தது தீயணைக்கும் உருளை. பின்னைப் பிடுங்கினாள். பிடுங்கியது சரியான பின்தானா என்று சந்தேகப்பட அவளுக்கு நேரமில்லை. வெள்ளைத்தூள் அவன் ஹெல்மெட்டில் அப்பியது. கண் தெரியாமல் பாராங்கைக் காற்றில் சுழற்றினான். ஜாபர் நல்ல கையால் அவன் முதுகில் மோதினார். அவன் முகங்குப்புறக் கண்ணாடி அலமாரிக்குள் போனான்.

கண்ணாடி உடையும் சத்தம் நின்றதும் வாசலில் நின்றவன் ஓடிவிட்டான். மோட்டோர் உறுமி அடங்கியது.

"ஐயோ செத்தேன்! கை போச்சு! பாஸ், என் கை எங்க பாருங்க! யா அல்லா, ரத்தம் நிக்க மாட்டேங்குது!" ஜாபர் தரையில் உட்கார்ந்து அலறினார்.

அமுதவள்ளி அவரிடம் ஓடினாள். கன்னையா ஓடவில்லை. ஒரு நொடி நின்று மூன்று பேரையும் பார்த்தார். பிறகு ஜாபரைத் தாண்டி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் கிடந்த பாராங்காரனிடம் போனார்.

"அங்கிள்! இங்க ஜாபர் அண்ணன்..."

"துணியை வச்சு அழுத்திப் பிடிக்கச் சொல்லும்மா. நீ அந்த மணலைக் கொண்டா. சீக்கிரம்!"

பாராங்காரனின் தொடை உள்பக்கம் கிழிந்திருந்தது. ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு வெளியே தள்ளியது. கன்னையாவின் கால் வழுக்கியது. அமுதவள்ளி சிவப்பு வாளியைக் கவிழ்த்தாள். அவர் மணலைக் காலால் பரப்பி, அதில் முட்டி ஊன்றி, காயத்துக்கு மேலே பட்டியைச் சுற்றி முறுக்கினார். துடிப்பு மெல்ல அடங்கியது. நெஞ்சுப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அதன் பிடியில் மூன்று நிற டேப் சுற்றி வைத்திருந்தது. சிவப்பில் ஒரு துண்டு கிழித்து அவன் மணிக்கட்டில் சுற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். இருபத்திரண்டு வயது முகம், சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

தோள் முறிந்தவனை அடுத்துப் பார்த்தார். கையைத் தூளியில் கட்டிவிட்டு மணிக்கட்டில் மஞ்சள்.

கடைசியாக ஜாபரிடம் வந்தார். காயத்தைத் துடைத்தார், கட்டினார், பச்சையைச் சுற்றினார்.

"என்னாண்ணே இது? சாகப்போற எனக்குக் கடைசி டர்னா? வெட்ட வந்தவனுக்கு முதல் மரியாதையா?"

"இவ்வளவு சத்தம் போடறவன் சாக மாட்டான். மூச்சு இருக்கு, தெம்பு இருக்கு. சத்தம் போட்டவனுக்குப் பச்சை. எழுந்து நட, பாப்போம்."

ஜாபர் எழுந்தார். நடந்தார். "நடக்குதுலா," என்றார், ஏமாற்றத்துடன்.

அமுதவள்ளி காலி வாளியோடு நின்றிருந்தாள். அவள் கண் அந்தப் பச்சை டேப்பை விட்டு நகரவில்லை.

"அங்கிள். இது எட்டாவது கேள்வி. முதல்ல கேட்டிருக்கணும். இந்த டேப் எதுக்கு?"

"தூக்க வர்றவன் என்னைக் கேள்வி கேட்டு நிக்கக் கூடாதும்மா. என் கை அப்ப எவன் காயத்துக்குள்ளயாவது இருக்கும். சிவப்பு, உடனே தூக்கு. மஞ்சள், கொஞ்சம் பொறுக்கும். பச்சை, தானே நடப்பான், கடைசியில பாத்துக்கலாம். ஒரு தடவை என்ஜின் ரூம்ல தீப்பிடிச்சு, ஒரே சமயத்துல பதினோரு பேர். லைட் இல்ல. வாய் இருக்கிறவன் எல்லாம் கத்தறான். சாகப்போறவன் பேசாம கிடக்கறான். அன்னையிலேர்ந்து நானும் பிரவினும் கத்தரிக்கோல்ல டேப் சுத்தாம இருந்ததில்ல. டேப் கட்ட அவனுக்கு யோசனையே வேணாம். கை தானா செய்யும்."

அவள் போனை அவர்முன் நீட்டினாள். எதிர்க்கடைக்காரர் எடுத்த வீடியோ. முதல் ஸ்ட்ரெச்சர், பரமேஸ்வரன், சிவப்பு. கன்னையா தலையாட்டினார். இரண்டாவது, லோகன், மஞ்சள். "வயித்துல கட்டு பாரு. பிரவின் கட்டு. நான் சொல்லிக் குடுத்த முடிச்சு." மூன்றாவது, தனேஷ்.

கன்னையா வீடியோவை நிறுத்தினார்.

"இவனுக்கு என்னா காயம்?"

"தொடையில வெட்டு. ஆழம். முதல் வெட்டே இவனுக்குத்தான்னு வாக்குமூலம். விழுந்தவன் எழவே முடியலையாம்."

"பொய்." அவர் குரல் கடினமாகிவிட்டது. "தொடை வெட்டுக்குப் பிரவின் பச்சை கட்ட மாட்டான். தூக்கத்துல எழுப்பினாலும் கட்ட மாட்டான். அந்தக் காலைப் பாரு. சட்டையைக் கிழிச்சு எவனோ சும்மா சுத்தியிருக்கான். அது பிரவின் கட்டே இல்ல. அவன் டேப் கட்டுனப்ப இவன் நல்லா நடந்துக்கிட்டிருந்தான்."



அமுதவள்ளி தன் காலடியைப் பார்த்தாள். அவள் கொட்டிய மணல். அதற்கு அடியில் பாராங்காரனின் ரத்தம் கறையாக ஊறிக்கொண்டிருந்தது. மேலே மணல் வெளுப்பாகவே இருந்தது. முன்பு கோடு போட்ட சொல் இப்போது பேசியது. நாட்குறிப்பில் திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினாள். பட்டறைத் தரையைப் பார்த்து, அர்த்தம் தெரியாமலே எழுதிய வரி அங்கே இருந்தது.

"ஜாபர் அண்ணே, கேளுங்க. 'பரமேஸ்வரன், லோகன் விழுந்த இடம்: ரத்தம் மணலுக்கு அடியில். தனேஷ் விழுந்த இடம்: ரத்தம் மணலுக்கு மேலே உறைந்த குட்டை.'"

"அதனால?"

"தனேஷ் முதல்ல வெட்டுப்பட்டிருந்தா அவன் ரத்தமும் மணலுக்குக் கீழதானே இருக்கணும்? மணல் போட்ட பிறகுதான் அவன் தொடையில ரத்தம் வந்திருக்கு. மணல் ரத்தத்தை மறைக்க இல்ல. பிரவின் முட்டி ஊன்ற."

ஜாபர் கட்டுப்போட்ட கையை மறந்து நிமிர்ந்தார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மற்றவர்களுக்கு மட்டுமல்ல, தனக்கும். "பிரவின் தே வாங்கப் போயிருக்கான். திரும்பி வந்தா ரெண்டு பேர் வெட்டுப்பட்டுக் கிடக்காங்க. மூணாவதா தனேஷ் நிக்கறான், கையில ஏதோ கீறல். 'யாரோ வந்து வெட்டிட்டு ஓடிட்டாங்க'ன்னு சொல்லியிருப்பான். பிரவின் பொட்டலத்தைப் போட்டுட்டு மணலைக் கொட்டுறான், கட்டுப் போடறான், டேப் சுத்தறான். தனேஷுக்குப் பச்சை. அப்புறம் தனேஷுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பரமேஸ்வரன்கிட்ட முட்டி போடறான். பின்மண்டையில அடி. பாராங்கை அவன் கையில வச்சு அழுத்திட்டு, அதே பாராங்கைத் துணியால பிடிச்சுத் தனேஷ் தன் தொடையைத் தானே..."

"தானேவா?" ஜாபர் முகத்தைச் சுளித்தார்.

"சாட்சியா இருக்கணும்னா காயம் வேணுமே."

இன்ஸ்பெக்டர் அசாருதீன் ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். சிவப்பு டேப் கட்டியவனை முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அமுதவள்ளி அதை இன்ஸ்பெக்டருக்குச் சுட்டிக் காட்டினாள். வீடியோவைக் காட்டினாள். திங்கட்கிழமை எடுத்த தரைப் படத்தைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"பரமேஸ்வரன் மேசையில ஒரு புகார்க் கடிதம் கிடைச்சுது. போன மாசம் பந்திங்ல ஒரு வீடு எரிஞ்சு புருஷன் பொண்டாட்டி செத்தாங்களே, அந்த வீட்டு ஒயரிங் தனேஷ் செஞ்சது, கள்ள வேலைன்னு எழுதியிருந்தாரு. திங்கக்கிழமை குடுக்க வேண்டியது. செத்தவரு கடிதம், கேஸுக்குச் சம்பந்தமில்லன்னு ஓரமா வச்சிட்டேன்." தொப்பியைக் கையில் திருப்பினார். "ஓரமா வச்சது என் தப்பு."

"எழுதி வச்சுக்குங்க சார், நல்லது," என்றார் ஜாபர்.

"தனேஷ்தான் அனுப்பினான்னு இவனுங்க வாயைத் திறந்தா சரி. ஒருத்தன் ஆபரேஷனுக்குப் போறான். இன்னொருத்தன் வக்கீல் வரட்டும்கறான். வீடியோவுல நிறம் மங்கலா இருக்கு, வெளிச்சத்துல மஞ்சளே பச்சையா தெரியும்னு வக்கீல் சொல்லுவான். எனக்கு டேப் வேணும் அமுதா. பொருளா. அவன் கையில இருந்த டேப்."

"ஆஸ்பத்திரியில கழட்டியிருப்பாங்க. உடைமைப் பையில போட்டிருப்பாங்க."

அசாருதீன் போன் செய்தார். இரண்டு நிமிடம் மலாயில் பேசினார். வைத்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

"பை வார்டு ஸ்டோர்ல பூட்டியிருக்கு. பூட்டுனபடியே சாட்சி முன்னால எடுத்தாதான் கோர்ட்ல நிக்கும். சாவி வச்சிருக்கறவங்க காலையிலதான் வருவாங்க. பத்து மணிக்குத் தனேஷ் டிஸ்சார்ஜ். கையெழுத்துப் போட்டு அவனே பையை வாங்கிக்குவான். அவன் வாசல்ல ரெண்டு பேரை இப்பவே நிறுத்தறேன். நீங்க ஏழரைக்கு வந்துடுங்க. பட்டியல்ல முதல்ல எழுதுனது நீங்க. நீங்கதான் அடையாளம் சொல்லணும்."

"நான் தப்பா எழுதியிருந்தா?"

"தப்பா எழுதல பாஸ்," என்றார் ஜாபர். "லேட்டா எழுதுனீங்க. அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினார்கள். ஜாபரின் கையில் பதினான்கு தையல். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சத்தம். பச்சை டேப்பைக் கழற்ற மட்டும் அவர் விடவில்லை. மேல் மாடியில், விலங்கு மாட்டிய கட்டிலுக்குப் பக்கத்தில் சீதாலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளி நடந்ததைச் சொன்னாள். அவள் அழவில்லை. தம்பியின் விலங்கு மாட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கைதான் கட்டுச்சு," என்றாள். "இல்ல?"

"ஆமாக்கா. இந்தக் கைதான்."

வெளியே நடைவழி பெஞ்சில் அமுதவள்ளி நாட்குறிப்பைத் திறந்தாள். காதோரம் இன்னும் எரிந்தது. பக்கத்தில் ஜாபர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை 5.40.

இன்றைய தவறு: எட்டாவது கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: கார்டைத் தனேஷிடம் கொடுத்திருக்கக் கூடாது. அதற்கு விலை ஜாபர் அண்ணனின் கை.

நாளைய வேலை: காலை 7.30. இன்ஸ்பெக்டருடன் வார்டு ஸ்டோர். தனேஷின் உடைமைப் பை. டேப், ஒன்று. பையைத் திறந்ததும் நிறத்தை எழுத வேண்டும்.